உறையின்மேல் ஏழு வரிகள்: எக்ஸ்.400 அஞ்சலின் வரலாறு



சில வாரங்களுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு உறவுக் கடிதம் எழுதக் கற்பித்துக் கொண்டிருந்தேன். வீட்டு எண், ஜாலான், தாமான், அஞ்சல் எண், ஊர், மாநிலம் என்று முகவரியை வரிவரியாக வெண்பலகையில் எழுதினேன். வரியின் ஈற்றில் காற்புள்ளி, கடைசியில் முற்றுப்புள்ளி. இதைப் பத்துத் தடவை சொன்னாலும் பதினோராம் தடவை யாரேனும் ஒருவர் காற்புள்ளியை விழுங்கிவிடுவது நாம் அறிந்ததே. அப்போது ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, டெலிமா மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஏன் ஊரே இல்லை? நம் பள்ளியின் பெயர்கூட இல்லை. எம் என்ற எழுத்தும் ஒரு கோடும் சில எண்களும்தாம் இருக்கின்றன. அப்புறம் எப்படி என்னிடம் வந்து சேர்கிறது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. மறுநாள் சொல்கிறேன் என்று கூறி அமர்த்திவிட்டேன். உண்மையில் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வேறொன்று. ஆசிரியப் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள்களில் கணினிப் பாடத்திற்காக ஏழு அடுக்கு மாதிரியை மனனம் செய்தோம். இயற்பியல் அடுக்கு, தரவு இணைப்பு அடுக்கு, வலையமைப்பு அடுக்கு, போக்குவரத்து அடுக்கு, அமர்வு அடுக்கு, அளிப்பு அடுக்கு, பயன்பாட்டு அடுக்கு. தேர்வில் எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அன்று மாலையே 1515 என்ற எண்ணைச் சுழற்றி இணையத்தில் நுழைந்து மின்னஞ்சல் படித்தபோது, நாங்கள் மனனம் செய்த ஏழில் அமர்வு அடுக்கும் அளிப்பு அடுக்கும் அந்த அஞ்சலில் தனி நெறிமுறைகளாக இல்லவே இல்லை என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த ஏழு அடுக்குகளுக்கும் உரிய அஞ்சல் வேறொன்று. அதன் முகவரியில் நாடு உண்டு, நிறுவனம் உண்டு, பிரிவு உண்டு, குடும்பப்பெயரும் உண்டு. ஒரு காலத்தில் பெரிய அரசுகள் பலவும் 'இனி இதுதான் மின்னஞ்சல்' என்று நம்பிய முறை அது. எக்ஸ்.400 என்பது அதன் பெயர். அதன் வரலாற்றைத்தான் இன்று எழுத விழைகிறேன்.

கணினி வலையில் மின்னஞ்சல் 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் தொடங்கியது. ரே டாம்லின்சன் பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க '@' குறியைத் தேர்ந்தெடுத்தார். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821, டேவிட் குரோக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 ஆகிய இரண்டு ஆவணங்களும் இன்று நாம் பயன்படுத்தும் அஞ்சலுக்கு அடிப்படை அமைத்தன. ஆனால் அது அப்போது ஆய்வாளர்களும் பல்கலைக்கழகங்களும் பயன்படுத்திய ஒரு வலை மட்டுமே. உலகின் செய்திப் போக்குவரத்து அன்று தொலைபேசி, தந்தித் துறைகளின் கையில் இருந்தது. டெலக்ஸ் அவர்களுடையது, தொலைபேசி அவர்களுடையது, 1976இல் வரையறுக்கப்பட்ட எக்ஸ்.25 என்னும் பொட்டலமாற்று வலையும் அவர்களுடையது. (பொட்டலம் என்றவுடன் நாசி லெமாக் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை. செய்தியைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புவதே அம்முறை.) மலேசியாவில் மேபேக், சிங்கப்பூரில் டெலிபேக் என்று இவ்வலைகளுக்குப் பெயர்.

அத்துறைகள் ஜெனிவாவில் கூடிய அமைப்பு சிசிஐடிடி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் பரிந்துரைகளை ஒரே நிற அட்டையிட்ட நூல்வரிசையாக அது வெளியிட்டு வந்தது. 1984ஆம் ஆண்டின் சிவப்பு நூலில்தான் 'செய்தி கையாளும் முறைமை' என்ற பெயரில் எக்ஸ்.400 வரிசை முதன்முதலாக இடம்பெற்றது. 1988ஆம் ஆண்டின் நீல நூலில் பெரிதும் திருத்தப்பட்டது. அதே 1984இல்தான் அனைத்துலகத் தர அமைப்பின் ஏழு அடுக்கு மாதிரியும் தரமாக வெளிவந்தது. சார்லஸ் பாக்மன் தலைமையில் 1978இல் கூடத் தொடங்கிய குழுவின் உழைப்பு அது. ஆக, அடுக்குகளும் அஞ்சலும் ஒரே ஆண்டில் பிறந்த உடன்பிறப்புகள்.

எக்ஸ்.400இன் உருவகம் முழுவதும் அஞ்சல் நிலையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பயனருக்காக எழுதவும் படிக்கவும் ஒரு 'பயனர் முகவர்'. செய்தியைக் கைமாற்றி அனுப்ப 'செய்தி மாற்று முகவர்'. செய்திக்கு உறை என்றும் உள்ளடக்கம் என்றும் இரு பகுதிகள். உறையின் மேல் எழுதியிருப்பதை மட்டுமே இடைநிலையங்கள் படிக்கலாம்; உள்ளே இருப்பது அவற்றுக்கு உரியதன்று. 1984ஆம் ஆண்டிலேயே உள்ளடக்கத்தில் எழுத்து, டெலக்ஸ், தொலைநகல், குரல் என்று பல வகைப் பகுதிகளைச் சேர்க்க இடமளித்திருந்தார்கள். போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஓர் அறிக்கை, பெற்றவர் படித்தாரா என்பதற்கு வேறோர் அறிவிப்பு, அவசரம், இயல்பு, அவசரமின்மை என்று மூன்று நிலைகள், குறித்த நேரத்திற்குப் பின் சேர்க்கும் வசதி, ஒன்றும் எழுதாமல் 'இந்த முகவரிக்குப் போய்ச்சேர முடியுமா' என்று மட்டும் பார்த்துவரும் வெள்ளோட்டச் செய்தி என எல்லாம் அதில் இருந்தன. பதிவஞ்சலில் ஒப்புகைச் சீட்டுப் பழகியவர்கள் வடிவமைத்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இனி முகவரிக்கு வருவோம். அதில் முதல் வரி நாடு; மலேசியாவுக்கு எம்ஒய், சிங்கப்பூருக்கு எஸ்ஜி. இரண்டாம் வரி 'நிர்வாக ஆட்சிப்புலம்', அதாவது அந்நாட்டின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அஞ்சல் சேவையின் பெயர். மூன்றாம் வரி 'தனியார் ஆட்சிப்புலம்', அச்சேவையோடு இணைந்த ஒரு நிறுவனத்தின் அஞ்சல் அமைப்பு. நான்காவது நிறுவனம். ஐந்தாவது பிரிவு. ஆறாவது குடும்பப்பெயர். ஏழாவது இடுபெயர். ஒவ்வொன்றின் முன்னும் அது எதுவென்று காட்டும் ஓர் எழுத்தும் சமக்குறியும் போட்டு, இடையிடையே அரைப்புள்ளியோ சாய்கோடோ இட்டு எழுதுவார்கள். இதைப் பெயரட்டையில் அச்சிட்டால் தொலைபேசி எண்ணுக்கு இடமிராது.

அந்த இரண்டாம் வரியைச் சற்று உற்று நோக்குங்கள். கடிதம் யாருக்கு என்பதையும் அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் மற்ற வரிகள் சொல்கின்றன. இரண்டாம் வரியோ, அவர் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதைச் சொல்கிறது. அனுப்புகிறவருக்கு அது எதற்கு? கம்பி யாருக்குச் சொந்தம் என்ற செய்தி முகவரிக்குள்ளேயே குந்திவிட்டது. அவர் சேவையாளரை மாற்றினால் முகவரியும் மாறிவிடும். அஞ்சல்காரர் மாறியதற்காக வீட்டு முகவரியை மாற்றுவோமா? ஒவ்வொரு நாட்டிலும் ஒரே தொலைத்தொடர்புத் துறை இருந்த காலத்தில் வரைந்த படிவம் அது. வேறு மாதிரி ஓர் உலகம் வரும் என்று வரைந்தவர்கள் எண்ணவில்லை. பின்னர் எந்த நிர்வாகச் சேவையோடும் கட்டுப்படாத நிறுவனங்கள் வந்தபோது, அந்த வரியை நீக்க முடியவில்லை. அது கட்டாய வரி. ஆகவே அங்கே ஒரே ஓர் இடைவெளியை மட்டும் இட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். வெறுமையாகவும் விடக்கூடாது, இடைவெளி ஒன்று இருந்தே ஆகவேண்டும். 'இடம் விட்டு எழுது' என்று நாம் மாணவர்களிடம் மன்றாடுவோமே, அது இங்கே சட்டமாகவே ஆகிவிட்டது.

முகவரியின் வரிசை குறித்தும் ஒரு சொல். நாட்டில் தொடங்கி ஆளில் முடிவது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சீன மொழியில் முகவரி எழுதும் முறையே அதுதான்: நாடு, மாநிலம், நகர், தெரு, பிறகு பெயர். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் ஜேனட் வலையிலும் கணினிப் பெயர்களைப் பெரியதிலிருந்து சிறியதை நோக்கி எழுதினார்கள். இணையமோ சிறியதிலிருந்து பெரியதை நோக்கி எழுதியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், கணினி அறிவியல் துறையைக் குறிக்கும் சிஎஸ் என்ற இரண்டு எழுத்துகள் செக்கோஸ்லோவாக்கியா நாட்டைக் குறிப்பதாகப் பொருள்கொள்ளப்பட்ட குழப்பம் அக்காலத்தவர் பலரும் சொல்லிச் சிரித்த ஒன்று.

நிற்க. முகவரி எழுதியாயிற்று, இனி அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். எக்ஸ்.400 உண்மையில் இடறியது இங்கேதான் என்பது என் கருத்து.

இரண்டு நிறுவனங்களின் செய்தி மாற்று முகவர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், இரண்டு பக்கத்து நிர்வாகிகளும் முன்கூட்டியே விவரங்களைப் பரிமாறிக்கொண்டு தத்தம் கணினியில் பதிய வேண்டும். முதலில் வலையமைப்பு முகவரி. எக்ஸ்.25 வழியாகப் போனால் அது அதிகம் போனால் 14 இலக்கங்கள் கொண்ட எண். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும். மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. (இவ்வெண்கள் மறையவில்லை. கைப்பேசி வலைகளிலும் நாட்டைக் குறிக்க அதே 502, 525 ஆகியவைதாம் வழங்குகின்றன. உங்கள் சிம் அட்டையின் அடையாள எண் அவ்விலக்கங்களில்தான் தொடங்கும்.) எக்ஸ்.25 இல்லாமல் ஏழு அடுக்கு முறையின் சொந்த வலையமைப்பு நெறிமுறை வழியாகப் போனால், முகவரி 20 பைட் வரை நீளும். பதினாறடிமான முறையில் எழுதினால் 40 இலக்கம். அதன் முதல் பைட், இந்த எண்ணை வழங்கிய அதிகாரம் எது என்பதைச் சொல்லும். 39 என்றால் நாட்டின் தர அமைப்பு வழங்கியது. 47 என்றால் அனைத்துலக அமைப்பு ஒன்று வழங்கியது. 49 என்றால் எவரும் வழங்கவில்லை, உள்ளூரில் நாமே வைத்துக்கொண்டது.

கட்டடம்வரை வந்தாயிற்று. அப்புறம் கட்டடத்துக்குள் எந்தக் கதவு? போக்குவரத்து அடுக்குக்கு ஒரு தெரிவி, அமர்வு அடுக்குக்கு ஒரு தெரிவி, அளிப்பு அடுக்குக்கு ஒரு தெரிவி. மூன்றும் இரு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. ஆங்கிலப் 'பி' எழுத்தையும் ஒன்று என்ற எண்ணையும் ஒரு தெரிவியாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 5031. படிவத்தில் 5031 என்று கண்ட மறுபக்கத்து நிர்வாகி, அதை நான்கு எழுத்துகள் என்று கருதித் தட்டச்சுச் செய்தால் இணைப்பு கிட்டாது. இரு படிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது! செய்யுளில் ஒற்றுப் பிழை தேடுவதுகூட இதைவிட எளிது.

தெரிவிகள் ஒத்தாலும் போதாது. அந்தப் பக்கத்து அமைப்பு 1984ஆம் ஆண்டுப் பதிப்பா, 1988ஆம் ஆண்டுப் பதிப்பா? 1984ஆம் ஆண்டின் அஞ்சல், அளிப்பு அடுக்கை நடைமுறையில் தாண்டிக்கொண்டு நேராக அமர்வு அடுக்கின் மேல் அமர்ந்திருந்தது. ஏனெனில் அவ்வடுக்கின் நெறிமுறை அப்போது முடிவாகியிருக்கவில்லை. ஏழு அடுக்கின் தலைமகனே ஏழையும் பயன்படுத்தவில்லை என்பது வரலாற்றின் குறும்பு. 1988ஆம் ஆண்டுப் பதிப்பு முழு ஏழையும் பயன்படுத்தியது. பழையதோடு பேசும்போது மட்டும் பழைய பாங்குக்கு இறங்கி வரவேண்டும். அதையும் ஒவ்வோர் அண்டை அமைப்புக்கும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும். அப்புறம் முகவர்களின் பெயர்களும் கடவுச்சொற்களும். நான் உன்னை அழைக்கும்போது ஒன்று, நீ என்னை அழைக்கும்போது ஒன்று.

போக்குவரத்து அடுக்கின் கதை இன்னும் சுவையானது. தரத்தில் அதற்கு 0 முதல் 4 வரை ஐந்து வகுப்புகள். தொலைத்தொடர்புத் துறைகள், எக்ஸ்.25 வலையே நம்பகமானது, அதன்மேல் 0ஆம் வகுப்புப் போதும் என்றன. அமெரிக்க அரசின் வலைகளோ, அடியில் இருக்கும் வலையை நம்பாதே, எல்லாச் சரிபார்ப்பையும் 4ஆம் வகுப்பு செய்யட்டும் என்றன. இரண்டும் தரத்துக்கு உட்பட்டவைதாம். ஆனால் 0ஆம் வகுப்பு மட்டும் அறிந்த கணினியும் 4ஆம் வகுப்பு மட்டும் அறிந்த கணினியும் நேராகப் பேச முடியாது. 'திறந்த முறைமைகளின் ஒன்றிணைப்பு' என்பது இம்முழு முயற்சியின் பெயர்! ஒரே தரத்தைப் பின்பற்றிய இருவர், இருவரும் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவர்கள், ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்ல முடியாமல் நின்றார்கள்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் எக்ஸ்.400 சேவையில் இச்சிக்கல் நாளாந்த வேலையாகவே ஆயிற்று. ஒரு நிறுவனம் பொது எக்ஸ்.25இல் இருக்கும், மற்றொன்று ஆய்வாளர்களுக்கான தனி எக்ஸ்.25இல்; இன்னொன்று இணையத்தில். எந்த முகவரிக்கு எந்த முகவரிடம், எந்த அடுக்கு வரிசையின் வழியே போவது என்பதை அட்டவணைகளாகத் தொகுத்து, எல்லாருக்கும் அவ்வப்போது அனுப்பி, அவரவர் தம் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த அட்டவணைகளின் வடிவத்தை வரையறுக்க 1993இல் சுவிட்சர்லாந்தின் ஊர்ஸ் எப்பன்பெர்கர் எழுதிய ஆவணமே ஆர்எஃப்சி 1465. பொறுமைசாலிகளின் பணி அது. நம் பள்ளிகளில் கால அட்டவணை தயாரிக்கும் ஆசிரியரை எண்ணிக்கொள்ளுங்கள். அதைக் கண்டம் முழுமைக்கும் செய்ய வேண்டும்.

மறுபக்கம் இணையத்தில் என்ன நடந்தது? 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை வகுத்தார். 1986 ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974, 'இந்தக் களத்துக்கு வரும் அஞ்சலை இன்ன கணினி பெற்றுக்கொள்ளும்' என்று பெறுகிறவரே தம் களப்பெயர்ப் பதிவில் அறிவித்துக்கொள்ளும் முறையைத் தெளிவாக்கியது. அனுப்புகிறவர் எதையும் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் பதில் வரும். அண்டை அமைப்போடு படிவம் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, கடவுச்சொல் வேண்டியதில்லை, 25 என்ற ஒரே வாயில் எண் உலகெங்கும் பொது. என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடையும் இதுவே. ஊர்ப்பெயர் முகவரியில் இல்லை. எங்கே சேர்ப்பது என்ற செய்தியை முகவரியிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்துவிட்டார்கள். வீடு மாறினால் பதிவை மாற்றினால் போதும், பெயர் மாறாது. எக்ஸ்.400காரர்களும் இத்தேவையை உணராமலில்லை. 1988இல் எக்ஸ்.500 என்ற உலகக் கோப்பகத்தை அதற்காகவே வகுத்தார்கள். ஆனால் கோப்பகம் உலகெங்கும் பரவுமுன் கடிதங்கள் வேறு வழியில் போகத் தொடங்கிவிட்டன.

அரசுகள் எளிதில் விட்டுவிடவில்லை. ஐரோப்பியச் சமூகம் 1986 டிசம்பரில் பொதுக் கொள்முதலில் இத்தரங்களையே வேண்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. அமெரிக்க அரசு 1988இல் காசிப் என்ற கொள்கையை வெளியிட்டு, 1990 ஆகஸ்டு முதல் தன் துறைகள் வாங்கும் வலைக் கருவிகளில் அதைக் கட்டாயமாக்கியது. துறைகள் விதிப்படி வாங்கின. வாங்கியதை ஓரமாக வைத்துவிட்டு இணைய நெறிமுறைகளையே பயன்படுத்தியவையும் உண்டு. 1995இல் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. நம் பகுதியில் 1992இல் மைமோஸ் நிறுவனம் ஜாரிங்கைத் தொடங்கியது; சிங்கப்பூரில் 1994இல் சிங்நெட் வந்தது. இரண்டும் இணைய வழியையே மக்களுக்குத் திறந்தன.

இரு உலகங்களுக்கும் பாலம் கட்டியவர்களைச் சொல்லாமல் விடக்கூடாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீவ் கில் 1986இல் ஆர்எஃப்சி 987இல் இருவகை முகவரிகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் விதிகளைத் தந்தார். எக்ஸ்.400 முகவரியில் அனுமதிக்கப்பட்ட எழுத்துக்கோவையில் '@' குறியே கிடையாது! ஆகவே பிறையடைப்புக்குள் 'ஏ' என்ற எழுத்தை இட்டு அக்குறியைக் குறிக்கலாம் என்றார். 1987இல் மார்ஷல் ரோஸ், டுவைட் கேஸ் ஆகிய இருவர் ஆர்எஃப்சி 1006இல், ஏழு அடுக்கின் மேலடுக்குகளை இணையத்தின் மேல் அப்படியே ஏற்றிவைக்க வழி சொன்னார்கள். வாயில் எண் 102. அப்படி இணையத்தில் இருக்கும் முகவர்களையும் அந்த 20 பைட் முகவரிக்குள் எப்படியாவது எழுத வேண்டுமே? 1991இல் கில் அதற்கொரு தந்திரம் செய்தார். டெலக்ஸ் எண்ணை வலையமைப்பு முகவரியாகக் கொள்ளத் தரம் இடம் தந்திருந்தது. தம் கல்லூரியின் டெலக்ஸ் எண்ணை முன்னொட்டாக வைத்து, அதன் பின்னால் இணைய முகவரியை ஒட்டிவிட்டார். அதன்பின் உலகின் பல மூலைகளிலும் எக்ஸ்.400 நிறுவிய நிர்வாகிகள், ஏன் என்று அறியாமலேயே, லண்டனில் இருந்த ஒரு டெலக்ஸ் இயந்திரத்தின் எண்ணைத் தம் கணினியில் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்கள்.

எழுத்து என்ற பேச்சு வந்ததால் தமிழையும் தொட்டுச் செல்கிறேன். 1980களில் இரு முறைகளிலும் இயல்பான எழுத்துப் பகுதி ஆங்கிலத்துக்கான ஏழு பிட் எழுத்துத்தான். இணைய அஞ்சலில் 1992இல் நெதானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் முறை வந்தபின், எட்டு பிட் எழுத்துகளைச் சேதமின்றி அனுப்ப முடிந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற செயலிகளால் 1990களில் நாம் தமிழில் மடல் எழுதினோம். ஜெனிவாவில் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஆளுக்கொரு குறியேற்றம் எழுந்து, ஒருவர் மடல் மற்றவருக்குப் புள்ளியும் கொக்கியுமாகத் தெரிந்த ஆண்டுகளும் அவையே. யூனிகோடு பரவிய பிறகுதான் அத்தொல்லை ஓய்ந்தது.

'குழு தோற்றது, எளிமை வென்றது' என்று இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்பவர் பலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அனுப்பியவர் யார் என்று கேளாமல் எவரிடமிருந்தும் எதையும் வாங்கிக்கொள்ளும் எளிமைதான் இணைய அஞ்சலைப் பரப்பியது. பெற்றோர்களின் மின்னஞ்சல் பெட்டியில் இன்று விழும் போலி வங்கிக் கடிதங்களுக்கும் அதே எளிமைதான் வாயில் திறந்தது. சேர்ந்ததற்கான அறிக்கைக்கு 1996இல் ஒரு தரம், கையொப்பத்துக்கு 2007இல் ஒரு தரம் என்று, எக்ஸ்.400 முன்பே எண்ணிப் பார்த்தவற்றில் சிலவற்றை இணையம் பின்னர் ஒவ்வொன்றாக ஒட்டவேண்டி வந்தது. ஒப்புகைச் சீட்டு கேட்டவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

மேலும், தோற்றதாகச் சொல்லப்படும் அம்முறை இன்னும் மூச்சோடு இருக்கிறது. விமானப் பயணத் திட்டங்களையும் வானிலைச் செய்திகளையும் கட்டுப்பாட்டு நிலையங்களிடையே கொண்டுசெல்லும் பழைய தந்தி வலைக்கு மாற்றாக அனைத்துலகக் குடிசார் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த முறை எக்ஸ்.400இன் மேல் கட்டப்பட்டது. அதில் நாடு என்ற வரியில் இரண்டு 'எக்ஸ்'. வானத்துக்கு நாடில்லை போலும். நேட்டோ படைகளின் செய்தி முறையும் அதன் வழித்தோன்றலே. 102 என்ற வாயில் எண் இன்று தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் மின் துணைநிலையங்களிலும் புழங்குகிறது. 49இல் தொடங்கும் அந்த நீண்ட முகவரியை, பெரிய இணையச் சேவையாளர்கள் தம் வழிச்செலுத்திகளில் இன்றும் எழுதுகிறார்கள். எக்ஸ்.500 கோப்பகத்துக்குத் துணையாக 1988இல் வந்த எக்ஸ்.509தான், நீங்கள் வங்கியின் தளத்தைத் திறக்கும்போது அது உண்மையான வங்கிதான் என்று சான்று கூறுகிறது.

மறுநாள் வகுப்பில் இவற்றில் பத்தில் ஒரு பங்குகூடச் சொல்லவில்லை. ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு தாளை நகலெடுத்துக் கொடுத்து, "பழைய காலத்து மின்னஞ்சல் முகவரி இது, உங்களுக்கு நீங்களே ஒன்று அமைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். நாட்டை எல்லாரும் எழுதினர். இரண்டாம் கட்டத்தில் தம் வீட்டு வைஃபை நிறுவனத்தின் பெயரைச் சிலர் எழுதினர், அது சரியே. நிறுவனம் பள்ளி, பிரிவு நான்காம் ஆண்டு. ஆறாம் கட்டத்தில் எல்லார் பென்சிலும் நின்றது. குடும்பப்பெயர். 1984ஆம் ஆண்டின் வரையறையில், ஆளின் பெயரை எழுதுவதானால் கட்டாயமாக இருக்க வேண்டிய பகுதி அது ஒன்றே. இடுபெயரை விட்டுவிடலாம், குடும்பப்பெயரை விட முடியாது. 1988இல்தான் 'பொதுப்பெயர்' என்ற வேறொரு வரி சேர்ந்தது. ஒரு மாணவி தந்தையின் பெயரை எழுதினாள். ஒருவன் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதினான். இன்னொருவன் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி சாய்கோட்டோடு எழுதிவிட்டு, "ஐயா, இந்தக் கோட்டைப் போட்டால் இரண்டு கட்டம் ஆகிவிடுமா?" என்று கேட்டான். டெலிமா பற்றிக் கேட்ட அந்த மாணவனின் தாளை வாங்கிப் பார்த்தேன். ஆறாம் கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஏன் விட்டுவிட்டாய் என்றேன். "விடவில்லை ஐயா, இடைவெளி போட்டிருக்கிறேன்" என்றான்.